மக்களுக்காக மலையை வாங்கிய அம்மையார்!

1875-ம் ஆண்டு. லண்டன் மாநகரின் வடபுறத்தில் ஒரு பெரிய புல்வெளி விற்பனைக்கு வந்தது.

சுவிஸ் காட்டேஜ் வயல்கள் என்று அதற்குப் பெயர். ஏழைகள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்த மெரிலபோன் பகுதியில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூலிக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு அங்கே போவார்கள். குழந்தைகள் புல்லில் உருளும். பெரியவர்கள் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு பொழுது சாயும்போது வீடு திரும்புவார்கள்.

அந்த இடத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. வேண்டுமானால் 10 ஆயிரம் பவுன் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றது நிலத்துக்காரர் தரப்பு. அந்தக் காலத்து 10 ஆயிரம் பவுன் என்றால் லேசா? ஏழைகளிடம் அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

ஒரு பெண்மணி கிளம்பினார். வயது 36. குள்ளமான உருவம். ஆடை அலங்காரத்தில் அக்கறை இல்லாதவர். பணக்காரரும் அல்ல. தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். பெரிய மனிதர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவரோடு சேர்ந்து தொண்டர்களும் அலைந்தார்கள். சில வாரங்களில் 8 ஆயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்துவிட்டது!

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த நேரத்தில் நிலத்துக்காரர் தரப்பு மனம் மாறியது. விற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. புல்வெளியில் செங்கல் வந்து இறங்கியது. பணக்காரர்களின் மாளிகைகள் எழும்பின. இன்றைக்கு லண்டனில் ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூ என்ற வீதி இருக்கிறதே, அதுதான் அந்த இடம்.

தோற்றுப்போன அந்தப் பெண்மணியின் பெயர் ஆக்டேவியா ஹில். தோல்வியோடு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதனால்தான் இன்று அவரைப் பற்றி எழுதுகிறோம்.

எட்டாவது பெண்

ஆக்டேவியா 1838-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள விஸ்பெக் என்ற ஊர். தகப்பனார் ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி, பாங்கியும் நடத்தினார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இறந்து, மூன்றாவதாக மணந்தவர்தான் ஆக்டேவியாவின் தாயார் கரோலின். தகப்பனாருக்கு இது எட்டாவது பெண் குழந்தை. லத்தீன் மொழியில் எட்டைக் குறிக்கும் சொல்லில் இருந்தே ஆக்டேவியா என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தைக்கு நினைவு தெரியும் முன்பே குடும்பம் நொடித்துவிட்டது. 1840-ல் தகப்பனார் திவாலானார். மனமும் உடைந்துபோயிற்று. அவரால் பிறகு குடும்பத்தைத் தாங்க முடியவில்லை.

தாயாரைப் பெற்ற பாட்டனார் கைகொடுத்தார். அவர் டாக்டர் சவுத்வுட் ஸ்மித். காய்ச்சலும் காலராவும் ஏழைகளை ஏன் கொண்டுபோகின்றன என்று ஆராய்ந்து, சாக்கடையும் குடிநீரும் காற்றும் சரியாக இருக்க வேண்டும் என்று போராடியவர். லண்டனுக்கு வடக்கே ஃபின்ச்லி என்ற ஊர் அப்போது வெறும் கிராமம். பெண் குழந்தைகள் அங்கே வயல்களில் ஓடியாடி வளர்ந்தார்கள்.

பிறகு பட்டணத்துக்கு வர நேர்ந்தது. 1852-ல் தாயாருக்கு லண்டனில் ஒரு பெண்கள் கூட்டுறவுத் தொழில் நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஏழைச் சிறுமிகள் பொம்மை வீட்டுக்கு வேண்டிய சின்னஞ்சிறு மேஜை நாற்காலிகள் செய்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வை யார் தெரியுமா? பதினான்கு வயது ஆக்டேவியா!

கணக்கு எழுதுவார். சாமான் வாங்குவார். சிறுமிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர்களுடைய வீடுகளுக்கும் போவார். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழுந்திருப்பதைப் பார்த்தார். அந்தச் சிறுமிகளில் பலருக்கு மரமும் புல்லும் பழக்கமே இல்லை. ஃபின்ச்லி வயலில் வளர்ந்த பெண்ணுக்கு அது மனத்தைக் குத்தியது. ஓய்வு நாளில் அவர்களை ஹாம்ஸ்டெட் பொதுவெளிக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார்.

பெயர் மட்டும் சொர்க்கம்

ஜான் ரஸ்கின் அக்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர், கலை விமர்சகர். ஆக்டேவியா அவருக்காகப் பழைய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுத்துவந்தார். 1864-ல் ரஸ்கினின் தகப்பனார் இறந்தார். ஏராளமான சொத்து மகனுக்கு வந்தது. அதைக் கொண்டு என்ன நல்லது செய்யலாம்?

ஏழைகளுக்கு நல்ல வீடு வேண்டும் என்றார் ஆக்டேவியா.

1865-ல் ரஸ்கின் 750 பவுன் கொடுத்து மெரிலபோனில் மூன்று வீடுகளின் குத்தகையை வாங்கினார். அந்தச் சந்தின் பெயர் பாரடைஸ் பிளேஸ், அதாவது சொர்க்கபுரி! சுவர் பெயர்ந்து, கூரை ஒழுகி, நாற்றம் அடித்த சொர்க்கம் அது. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஐந்து வருமானம் வந்தால் போதும். அப்போதுதான் மற்ற பணக்காரர்களும் இதைப் பார்த்து முன்வருவார்கள் என்பது ரஸ்கினின் கணக்கு.

ஆக்டேவியாவே வாரந்தோறும் வாடகை வாங்கப் போனார். வாடகை தவறினால் தயவு இல்லை. அதேபோல் ரிப்பேர் செய்வதிலும் தவறுவதில்லை. ஐந்து பங்கு போக மிஞ்சியதைக் கொண்டு ஜன்னல், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தார். பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் அவர் பார்வையில் குடியிருந்தார்கள். வாடகை வசூலுக்குச் சம்பளம் வாங்காமல் பல பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பின்னால் புல்வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் அலைந்த தொண்டர் படை இப்படித்தான் உருவாயிற்று.

அடுத்து வாங்கிய வீடுகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அதை விளையாட்டு மைதானமாக மாற்றினார். முரட்டுப் பிள்ளைகளைச் சமாளிப்பது எளிதாக இல்லை. ஆனாலும் மரம் வைத்தார். சுவரில் கொடி ஏற்றினார். மே மாதம் பிறந்தால் கிராமத்தில் இருந்து பூக்கள் தருவித்துக் குழந்தைகளுக்கு விழா நடத்தினார்.

வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சின்னதுதான். ஏழைக்குக் கூடமும் தோட்டமும் ஏது? ஆகவே ஊருக்குப் பொதுவாக ஒரு கூடமும் தோட்டமும் வேண்டும் என்பது அவர் எண்ணம். உட்கார ஓர் இடம், விளையாட ஓர் இடம், உலாவ ஓர் இடம், ஒரு நாள் முழுவதும் கழிக்க ஓர் இடம் என்று நான்கையும் அவர் கேட்டார். வெறும் நாலு பெஞ்சு போட்ட பூங்காவோடு அவர் திருப்தி அடையவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் 1875-ல் அந்தப் புல்வெளி கைநழுவியது.

விழுந்து எழுந்தார்

அடுத்த சில ஆண்டுகள் அவருக்குக் கெட்ட காலம். ஒரு கல்யாண ஏற்பாடு நின்றுபோயிற்று. ரஸ்கினோடு மனஸ்தாபம் முற்றி, இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையே ரஸ்கின் அச்சில் போட்டுவிட்டார். உழைப்பும் கவலையும் சேர்ந்து ஆக்டேவியாவைப் படுக்கையில் தள்ளின. வெளிநாடு போய் நீண்ட ஓய்வு எடுத்த பிறகே தேறினார். ஹாரியட் யார்க் என்ற தோழி அப்போது துணைக்கு வந்தார். கடைசி வரை பிரியவில்லை.

அக்கா மிராண்டா இதற்கிடையே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அதன் பெயர் கிர்ல் சங்கம். ஜான் கிர்ல் என்பவர் தம் சொந்த ஊரான ராஸில் பொது மக்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்த பழைய காலத்துக் கனவான். அவர் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழைகளின் கூடங்களுக்கும் படம் எழுதிக் கொடுப்பது, பாட்டுக் கச்சேரி நடத்துவது, பூ கொடுப்பது என்று அதன் வேலைகள். அந்தச் சங்கத்தில் திறந்தவெளிகளுக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டது. ஆக்டேவியா அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பாழடைந்து பூட்டிக்கிடந்த பழைய இடுகாடுகள் மீதும் அவர் கண் போயிற்று. நெருக்கமான தெருக்களுக்கு நடுவில் அவை சும்மா கிடக்கின்றனவே, அவற்றைத் திறந்து பெஞ்சு போட்டுப் பூச்செடி வைத்தால் என்ன என்று வாதாடினார். 1881-ல் லண்டன் திறந்தவெளிச் சட்டம் வந்து அதற்கு வழி திறந்தது.

சௌத்வார்க் பகுதியில் தீப்பிடித்து எரிந்த காகிதத் தொழிற்சாலை ஒன்று கிடந்தது. எரிந்த காகிதக் குப்பை மலைபோல் குவிந்த இடம். அதைச் சுத்தம் செய்து, குளமும் நீரூற்றும் வாத்திய மேடையும் கொண்ட தோட்டமாக்கினார். பக்கத்திலே ஏழைகளுக்கு அழகான குடில்கள். ஒரு பொதுக் கூடம். 1887-ல் திறந்த அந்த ரெட் கிராஸ் தோட்டம் இன்றும் இருக்கிறது.

அதே ஆண்டில் விக்டோரியா மகாராணியின் பொன்விழா வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த ஆராதனைக்குக் கணவர் பெயராலோ பட்டத்தாலோ அல்லாமல் சொந்தத் தகுதியால் அழைக்கப்பட்ட பெண்கள் மூவர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒருவர். ஜோசஃபின் பட்லர் ஒருவர். மூன்றாமவர் ஆக்டேவியா ஹில்.

மூன்று லட்சம் பவுன்

ஹாம்ஸ்டெட் பொதுவெளியை ஒட்டிப் பார்லிமெண்ட் குன்று என்று ஒரு மேடு. அதன் மேல் நின்றால் லண்டன் நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் குன்றும் அதைச் சுற்றிய வயல்களும் வீட்டு மனைகளாகப் போகும் நிலை வந்தது. விலையோ சுமார் 3 லட்சம் பவுன்!

இந்தத் தடவை ஒரு கை தனியாக ஓசை எழுப்பவில்லை. பிரபுக்களும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்து கமிட்டி போட்டார்கள். 1886-ல் சட்டம் நிறைவேறிற்று. பாதித் தொகையை நகர நிர்வாகம் தர இசைந்தது. மீதிக்கு உள்ளூர் ஆட்சி மன்றங்களும் தர்ம நிதியும் பொதுமக்களும் கைகொடுத்தார்கள். பத்திரிகைக்கு எழுதுவது, கூட்டத்தில் பேசுவது, நன்கொடை கேட்பது என்று ஆக்டேவியா பம்பரமாய்ச் சுழன்றார். 1889-ல் சுமார் 265 ஏக்கர் மக்களுக்குச் சொந்தமாயிற்று. இன்று லண்டன் சிறுவர்கள் காற்றாடி விடப் போகும் குன்று அதுதான்.

லண்டனின் தென்புறத்தில் வாக்ஸ்ஹால் பூங்கா அடுத்த வெற்றி. 1890-ல் திறந்தார்கள். அந்த நிலத்தில்தான் ஹென்றி ஃபாசெட் குடியிருந்தார். கண் பார்வை இழந்தும் பார்லிமெண்டில் இருந்து, நம் நாட்டு ஏழைகளின் வரிச் சுமையைப் பற்றி அவர் ஓயாமல் பேசியதால், இந்தியாவின் அங்கத்தினர் என்றே அவரை அழைத்தார்கள். அவர் மறைந்த பின், மனைவி மில்லிசெண்ட் ஃபாசெட்டும் ஆக்டேவியாவும் முயன்று அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள். லூயிஷாமில் ஹில்லி ஃபீல்ட்ஸ் என்ற மேட்டு நிலமும் இதே மாதிரிதான் மீண்டது.

பணம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதில் சலிப்பும் கிடையாது. 1872 முதல் ஆண்டுதோறும் தம் தொண்டர்களுக்கு ஒரு கடிதம் அச்சிட்டு அனுப்புவார். என்ன நடந்தது, எது நடக்கவில்லை, நன்கொடை எவ்வளவு, செலவு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நன்கொடை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் இப்படி இருந்துவிட்டால் கொடுப்பவர்களுக்கும் மனம் வரும்!

சாகாத சொந்தக்காரர்

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. பணம் சேர்த்து நிலம் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் யார் பெயரில் எழுதுவது? இன்று நல்லவர் பெயரில் எழுதினால், நாளை அவர் வாரிசு விற்றுவிடலாமே!

1884-ல் இந்தக் கேள்வி நேராகவே வந்து நின்றது. டெப்ட்ஃபோர்டில் சேயஸ் கோர்ட் என்ற பழைய தோட்டம். (ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1698-ல் இங்கே விருந்தாளியாகத் தங்கி, தோட்டத்தைப் பாழாக்கிவிட்டுப் போனது தனிக் கதை.) உரிமையாளரான ஈவ்லின் அதைப் பொதுமக்களுக்கே கொடுக்க ஆசைப்பட்டார். வாங்கிக்கொள்ளச் சட்டப்படி தகுந்த அமைப்பு இல்லை!

ராபர்ட் ஹண்டர் என்ற வக்கீல் வழி சொன்னார். பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்துக்காகப் பல வழக்குகளை ஜெயித்துக் கொடுத்தவர் அவர். மக்களுக்காக நிலத்தை வாங்கவும் வைத்திருக்கவும் ஒரு கம்பெனியே ஏற்படுத்திவிடலாம் என்றார். ஆக்டேவியாவுக்கு யோசனை பிடித்தது. பொதுநிலங்கள், தோட்டங்கள் டிரஸ்ட் என்று ஒரு பெயரைச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதினார். ஹண்டர் அந்தக் கடிதத்தின் தலைப்பில் பென்சிலால் நேஷனல் டிரஸ்ட் என்று குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

காரியம் கைகூடப் பத்து வருஷம் ஆயிற்று. ஏரி மாவட்டத்துப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தார். 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி நேஷனல் டிரஸ்ட் பதிவாயிற்று. அதே ஆண்டில் ஃபேனி டால்பட் என்ற சீமாட்டி வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் ஏறக்குறைய 5 ஏக்கர் குன்றை இலவசமாகக் கொடுத்தார். அதுதான் முதல் சொத்து. அடுத்த ஆண்டு 10 பவுனுக்கு ஒரு பழைய பாதிரியார் இல்லத்தை வாங்கினார்கள். 1907-ல் வந்த சட்டம் மற்றக் கவலையையும் தீர்த்தது. மாற்றக்கூடாத சொத்து என்று டிரஸ்ட் அறிவித்த நிலத்தை டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது!

இன்று அதில் 50 லட்சத்துக்கும் அதிகமான அங்கத்தினர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளியின் இரண்டரை ஷில்லிங்

ஏரி மாவட்டம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கே டெர்வெண்ட் வாட்டர் என்ற ஏரியின் கரையில் பிராண்டல்ஹோ என்ற சோலை. அளவு 108 ஏக்கர். அது விற்பனைக்கு வந்தபோது விலை 6,500 பவுன். பணக்காரர்கள் வாங்கிப் பங்களா கட்டினால் பிறகு ஏரிக் கரையில் ஏழைக்கு நிற்க இடம் கிடையாது.

ஆக்டேவியாவும் ரான்ஸ்லியும் நாடெங்கும் வேண்டுகோள் விடுத்தார்கள். சீமான்கள் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கைத்தொழிலாளிகள் கொடுத்தார்கள். ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளி ஒருவர் எப்போதோ ஒருமுறை அந்த ஏரியைப் பார்த்தவர். அதை மறக்க முடியவில்லை என்று எழுதி இரண்டரை ஷில்லிங் அனுப்பினார். தம் சகாக்களிடமும் கேட்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். இவர் கொடுத்தது எட்டில் ஒரு பங்கு. 1875-ல் கைவிட்டுப் போனதே, அந்தப் பத்தாயிரத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது நம்பியது பெரும்பாலும் பெரிய இடத்துப் பணத்தை. இப்போது தோளில் மூட்டை தூக்குகிறவனும் மலைக்குப் பங்காளி!

ஐந்தே மாதத்தில் தொகை முழுவதும் சேர்ந்தது. 1902-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, மகாராணியின் மகள் இளவரசி லூயிஸ் வந்து திறந்துவைத்தார். இளவரசி, ஆக்டேவியா, ஹண்டர், ரான்ஸ்லி நால்வரும் ஆளுக்கு ஓர் ஓக் மரம் நட்டார்கள்.

அம்மையாரின் எல்லாக் கருத்துக்களும் நமக்கு ஒத்துவரும் என்று சொல்வதற்கில்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்றார். முதியோருக்கு அரசாங்கம் பென்ஷன் தருவதையும், நகரசபை வீடு கட்டிக் கொடுப்பதையும் எதிர்த்தார். ஊரையே நடத்திக்காட்டிய பெண் இப்படிச் சொன்னது வேடிக்கைதான். அவருடைய தோழி மில்லிசெண்ட் ஃபாசெட்டே ஓட்டுரிமைப் போராட்டத்தின் தலைவி!

கடைசி மலை

கென்ட் ஜில்லாவில் கிராக்கம் ஹில் என்ற கிராமத்தில் ஆக்டேவியாவும் ஹாரியட்டும் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் குன்றுகளில் அவர் கண் படாதது இல்லை. ஐடு ஹில், டாய்ஸ் ஹில் என்று ஒவ்வொன்றாக டிரஸ்ட் கைக்கு வந்தன. டாய்ஸ் ஹில்லில் கிராமத்தாருக்குக் கிணறும் வெட்டினார்.

1910-ல் அக்கா மிராண்டா காலமானார். ஆக்டேவியாவின் உடம்பும் தளர்ந்தது. ஆனால் மரைனர்ஸ் ஹில் என்ற குன்றுக்கு நிதி சேர்க்கும் வேலை பாக்கி இருந்தது. படுக்கையில் கிடந்தபடியே கடிதங்களைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். தேவைப்பட்ட மிச்சத் தொகையும் கிடைத்துவிட்டது என்ற செய்தி அவருடைய கடைசி நாட்களில் வந்தது. 1912-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி லண்டன் வீட்டில் கண்ணை மூடினார். வயது 73.

அரசர்களும் கவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்காவின் பக்கத்தில் என்பது அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த ஏற்பாடு. அப்படியே கிராக்கம் ஹில் கிராமத்துக் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கிருந்து மரைனர்ஸ் ஹில்லுக்கு நடந்தே போய்விடலாம்.